ரோமில் தண்ணீர் இலவசம்

"ரோம் போய்ட்டு வந்தியாமே, எவ்ளோ ஆச்சு?" செமஸ்டர் ஆரம்பித்ததிலிருந்து கேன்டீனில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதனால கணக்கை முதலில் சொல்லிடறேன்.

கோடை விடுமுறையில் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப். வந்த உதவித்தொகையில் வாடகை, சாப்பாடு போக மிச்சம் பிடித்தது 200 யூரோ. ஒரு யூரோன்னா அப்போ கிட்டத்தட்ட 90 ரூபாய். ஜெர்மன் விசாவே இத்தாலிக்கும் போதும். விமானம் போக வர 70 யூரோ. எட்டுப் பேர் தங்கும் டார்மிட்டரியில் இரண்டு ராத்திரிக்கு, நகர வரியோடு சேர்த்து, 64. மீதி 66 யூரோவில் மூன்று நாள் ரோம்.

முடியுமான்னா, தாராளமா முடியும். சில விஷயங்கள் தெரிஞ்சா போதும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களும் நினைவுச்சின்னங்களும் இலவசம். கொலோசியமும் அதில் அடக்கம். மற்ற நாளில் 18 யூரோ. நான் ஜூலை முதல் ஞாயிறு வருவது மாதிரி டிக்கெட் போட்டேன். க்யூ மட்டும் ஒன்றரை மணி நேரம். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. பீட்சாவைக் கத்தரியால் வெட்டி, எடை போட்டுத் தரும் கடைகளில் நாலு யூரோவுக்கு வயிறு நிறைந்துவிடும். சர்ச்சுகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. சான் லூயிஜி தேய் ஃபிராஞ்சேசி என்ற சர்ச்சில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருட்டில் தொங்குகின்றன. பக்கத்துப் பெட்டியில் யாராவது காசு போட்டால் விளக்கு எரியும். அந்த 'யாராவது' வரும்வரை நான் காத்திருந்தேன்!

செலவில் ஒரு பைசாகூட ஆகாதது தண்ணீருக்குத்தான். கொலோசியம் வாசலில் அரை லிட்டர் பாட்டில் 2 யூரோ, அதாவது 180 ரூபாய். அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே இடுப்புயர வார்ப்பிரும்புத் தூண் ஒன்று. அதன் வளைந்த குழாயிலிருந்து குளிர்ந்த குடிநீர் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. இதற்கு நசோனே என்று பெயர். 'பெரிய மூக்கு' என்று அர்த்தம். 1874-லிருந்து வைத்து வருகிறார்கள், இப்போது ஊர் முழுக்கச் சுமார் 2,500 இருக்கின்றன. குழாயின் மேல்புறம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மேலே பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். கோட் போட்ட ஆபீஸர், சைக்கிள் பையன், நாயோடு வந்த பாட்டி, நான், எல்லாருக்கும் ஒரே குழாய்.

சிவில் படிக்கிறவனுக்கு இது எங்கிருந்து வருதுன்னு பார்க்காமல் இருக்க முடியாது. மெட்ரோ ஏ லைனில் ஜூலியோ அக்ரிகோலா ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் நீர்ப்பாலங்களின் பூங்கா. டிக்கெட் இல்லை, கூட்டமும் இல்லை. கி.பி. 38-ல் தொடங்கி 52-ல் முடித்த அக்வா கிளாடியாவின் வளைவுகள் வெட்டவெளியில் வரிசையாக நிற்கின்றன. அதன் உச்சியில்தான் ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியது.

அதைவிட என்னை அசத்தியது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கால்வாய். கி.மு. 19-ல் அக்ரிப்பா கட்டிய அக்வா விர்கோ, பெரும்பாலும் பூமிக்கடியில் ஓடுவது. சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு மொத்த இறக்கம் வெறும் 4 மீட்டர். கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர்! நம்ம சர்வே லேப் க்ளோசிங் எரரை நினைச்சுக்கோங்க. அவர்களிடம் இருந்ததோ, மேலே தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் சுமார் 6 மீட்டர் நீள மரச் சட்டம். பலமுறை பழுது பார்க்கப்பட்ட அந்தக் கால்வாயின் தண்ணீர்தான் இன்றும் ட்ரெவி நீரூற்றில் விழுகிறது. (நசோனியில் வருவது இன்றைய குடிநீர் விநியோகம். இரண்டும் வேறு.)

அதே அக்ரிப்பாவின் பெயர் பாந்தியன் முகப்பிலும் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் பின்னால் ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது, ஆனால் பழைய பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள். 43.3 மீட்டர் விட்டத்தில் கம்பியே இல்லாத கான்கிரீட் குவிமாடம். மேலே போகப் போகத் தடிமனும் குறைகிறது, கலவையில் போட்ட கல்லும் இலேசாகிறது. உச்சிக்கு எரிமலை நுரைக்கல். நடுவில் சுமார் 9 மீட்டர் திறப்பு. மழை உள்ளே விழும். தரையை லேசாக மேடாக்கி, வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எங்கள் வீடு சென்னைப் புறநகரில். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்காக விடியற்காலை மூன்று மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவர். நான் சிவில் எடுத்ததற்கும் அதுதான் காரணம். பெருமையாக நசோனேயைக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா கண்ணு, இதை யாரும் மூட மாட்டாங்களா? இப்படிக் கொட்டிக்கிட்டே இருக்கே!"

ஹாஸ்டலுக்கு வந்து தேடிப் படித்தேன். இதே கேள்வியை ரோமும் கேட்டிருக்கிறது. 2017 வறட்சியில் நசோனிகளை மூட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் உண்மையான கணக்கு வெளியே பேசப்பட்டது. நசோனிகளில் போவது மொத்தத்தில் சுமார் ஒரு சதவீதம்தான். பூமிக்கடியில் பழைய குழாய்களின் கசிவில் போவது 40 சதவீதத்துக்கும் மேல். கண்ணுக்குத் தெரிந்த குழாய் மேல் எல்லார் பார்வையும் விழ, கண்ணுக்குத் தெரியாத குழாய் ஊரையே வற்ற வைத்திருக்கிறது. இது புதுசும் இல்லை. கி.பி. 97-ல் ரோமின் நீர்த்துறைப் பொறுப்புக்கு வந்த ஃப்ரொன்டினஸ், தண்ணீர் எங்கே எப்படித் திருடுபோகிறது, யார் திருட்டு இணைப்பு போட்டார்கள் என்று ஒரு நூலே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்திலும் கட்டுவது ஒரு வேலை, கட்டினதைப் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை.

ஊர் திரும்பினதும் ப்ளேஸ்மென்ட். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபர் கையில் இருக்கிறது. வேண்டாம்னு சொல்ற வசதி எங்க வீட்டில் இல்லை. அப்பாவுக்கு இன்னும் மூன்று வருஷ லோன் பாக்கி. ஆனாலும் கேட் பரீட்சைக்கு அப்ளை பண்ணிட்டேன், நீர்வளப் பொறியியலுக்காக. இரண்டில் எது என்பது பிப்ரவரி தாண்டித்தான் தெரியும். அதுவரைக்கும் ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை மாற்றிக்கொண்டேன். நம்ம ஹாஸ்டல் பைப் லைன்களில் எவ்வளவு கசிகிறது என்று அளக்கப் போறோம். முறை சுலபம். ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணிவரை கிட்டத்தட்ட யாரும் தண்ணீர் பயன்படுத்த மாட்டார்கள். அப்பவும் மீட்டர் ஓடினால், அதில் பெரும்பகுதி கசிவுதான்.

மீட்டர் பார்க்க ஆள் வேணும். இரண்டாம், மூன்றாம் வருஷத் தம்பி தங்கைகள், எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சரி, வாங்க. டீ என் செலவு. பட்ஜெட் அவ்வளவுதான்.