பின்னால் வருபவருக்காக ஒரு விளக்கு

றம்பொடையைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், முன்னாலுள்ள வளைவைவிடப் பின்னால் வரும் லொறியே எனக்கு அதிக அச்சம் தரும். சாதாரணப் பின்விளக்கு அந்த வெண்மையில் கரைந்துவிடுகிறது. பிரித்தானியாவில் 1980 ஏப்ரல் முதல் பாவனைக்கு வந்த கார்களுக்குப் பின்புறப் பனிமூட்ட விளக்கு கட்டாயம். ஜப்பானில் அப்படியில்லை. அங்கிருந்து வந்த எனது காரிலும் அது இருக்கவில்லை.

ஆகவே நானே ஒன்றைச் செய்தேன். சிவப்பு எல்.ஈ.டி ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ற் தேவை. இயந்திரம் ஓடுகையில் காரின் மின்னழுத்தம் 14 வோல்ற் வரை உயரும். எனவே ஐந்து ஐந்தாகத் தொடரில் இணைத்து, எஞ்சும் 4 வோல்ற்றைத் தாங்க ஒவ்வொரு தொடருக்கும் 220 ஓம் தடையி ஒன்றை வைத்தேன். இவ்வாறு ஆறு தொடர்கள். நீர் புகாத பெட்டியொன்றில் அவற்றை அடைத்து, காரின் வலப்புறத்தில், பிறேக் விளக்கிலிருந்து 10 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளிப் பொருத்தினேன். இரண்டும் நெருங்கியிருந்தால் நான் பிறேக் பிடிப்பதைப் பின்னால் வருபவர் அறியமாட்டார். பியூஸ் ஒன்றும் தனி ஆளியும் உண்டு. முகப்பு விளக்கு எரியும்போது மட்டுமே இது எரியும்.

பனி விலகியதும் அணைத்துவிடுவேன். தெளிந்த இரவில் இவ்வெளிச்சம் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். அவருக்கென்று பொருத்திய விளக்கு அவருக்கே இடராகிவிடக் கூடாதல்லவா?