பெட்ரோல் குடிக்கும் எண்ணூறு

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடம் மைலேஜில் வந்து நிற்கும். "முன்ன இருபது குடுத்துச்சு, இப்ப பன்னெண்டு தேற மாட்டேங்குது" என்பார்கள். அந்த இருபது கணக்குப் போட்டுப் பார்த்த இருபது இல்லை, காரை விற்றவர் சொன்ன இருபது. பன்னிரண்டும் அப்படித்தான், பெட்ரோல் முள் இறங்குகிற வேகத்தைப் பார்த்து மனசுக்குள் தோன்றுவது. நோய் என்ன என்று தெரியுமுன்பே வைத்தியம் ஆரம்பித்துவிடும். பிளக்கை மாற்று, ஏர் ஃபில்டரை மாற்று, ஆயிலை மாற்று, கடைசியில் காரையே மாற்று!

உசிலம்பட்டியில் ஒரு தையல்காரர். அவருடையது 2004 மாடல் மாருதி 800. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அதே எண்ணூறுதான். இது கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டி. ஆசைக்கு வைத்திருக்கும் கார் இல்லை இது. அவர் மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் மதுரையில் டயாலிசிஸ். போக வர 80 கிலோமீட்டர். நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தமாகி எழுந்து வருகிறவரை பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டி வர முடியாது. வாடகைக் கார் கட்டுப்படியாகாது.

பெட்ரோல் செலவு மெல்ல மெல்ல ஏறியது. ஒரு மெக்கானிக் பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் எல்லாம் மாற்றி 2800 ரூபாய் வாங்கிக்கொண்டார். முள் இறங்குவது மட்டும் மாறவில்லை. புரோக்கர் ஒருவர் வந்து 40,000-க்குக் கேட்டுவிட்டுப் போனார். தையல்காரர் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிற நேரத்தில்தான் அவருடைய அக்கா மகன், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிற பையன், குறுக்கே வந்தான். "மொதல்ல அளந்து பாப்பம் மாமா."

அளப்பது ரொம்ப எளிது. ஒரே பங்க், ஒரே பம்ப். நாசில் தானாக நிற்கும் வரை ஃபுல் டேங்க் போட்டுக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி ஃபுல் டேங்க், போட்ட லிட்டர் நோட்டில். (தையல் கடையின் அளவு நோட்டிலேயே ஜாக்கெட் அளவுகளுக்குப் பக்கத்தில் லிட்டர் கணக்கும் ஏறியது!) நாலு வாரத்தில் 642 கிலோமீட்டர், 59 லிட்டர். லிட்டருக்கு 10.9. பாதிக்கு மேல் நல்ல ரோட்டில் ஓடுகிற எண்ணூறுக்கு 16 நியாயமான கணக்கு. அப்படி ஓடியிருந்தால் 40 லிட்டர் போதும். மிச்சம் 19 லிட்டர், கிட்டத்தட்ட 1900 ரூபாய், மாதாமாதம் சைலன்சர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது சந்தேகப் பட்டியல். ஏர் ஃபில்டரை முதலில் அடித்துவிடலாம். கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடிவிடும், மைலேஜ் போகும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் உள்ளே போகும் காற்றைச் சென்சார் கணக்குப் பார்த்து, காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. இழுவை போகுமே தவிர மைலேஜ் பெரிதாகப் போகாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துச் சொன்னதும் இதைத்தான். ஆனால் நம்ம ஊர் வொர்க்‌ஷாப்புகளில் இன்றைக்கும் முதல் பலி ஏர் ஃபில்டர்தான் :-)

அடுத்தது எத்தனால். டீக்கடையில் எல்லாரும் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது இதன் மேல்தான். அதில் உண்மையும் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021-ல் சொல்லியிருக்கிறது. சரி, 16-ல் 7 சதவீதம் போனால் 15 வரும். பதினொன்று எப்படி வரும்? எத்தனால் திருடியது ஒரு ரூபாய் என்றால் காணாமல் போனது ஐந்து ரூபாய்.

பையன் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் இடது சக்கரம் சுற்றவே சண்டித்தனம் பண்ணியது. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி, டிரம்முக்குள் ஷூ உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தளர்த்தி, டயர் காற்றையும் சரியாக வைத்ததில் 11.6-க்கு வந்தது. பெரிய திருடன் இன்னும் அகப்படவில்லை.

துப்பு மூன்று இடத்தில் கிடைத்தது. மாற்றி மூன்று மாதம்கூட ஆகாத பிளக்குகள் அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு. டேஷ்போர்டுக்குள் மடித்துக் கிடந்த புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்ஸைடு அளவு முந்தைய சான்றிதழில் இருந்ததைவிட எவ்வளவோ அதிகம். (அந்தப் பேப்பரை போலீஸ்காரரைத் தவிர யாரும் படிப்பதில்லை. போலீஸ்காரரும் தேதியை மட்டும்தான் பார்க்கிறார்.) இரண்டுக்கும் ஒரே அர்த்தம், தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. மூன்றாவதுதான் முக்கியம். செக்கானூரணி ரோட்டில் 60-ல் போகும்போது டெம்பரேச்சர் முள் கீழே அடியில் படுத்துக்கொள்கிறது. காளவாசல் டிராஃபிக்கில் மாட்டினால் எழுந்து நடுவுக்கு வருகிறது.

தெர்மோஸ்டாட் இல்லை. கெட்டுப்போகவில்லை, ஆளே இல்லை!

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் கார் கொதித்திருக்கிறது. அப்போது பார்த்த மெக்கானிக், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே, இதான் தண்ணியை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று கழற்றிப் போட்டுவிட்டார். தமிழ்நாட்டில் நிறைய வண்டிகளுக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இன்ஜினுக்கு வேண்டியது 80 டிகிரிக்கு மேல். மதுரை வெயில் 40 டிகிரி என்றாலும் அதில் பாதிதான். (தெர்மோடைனமிக்ஸ் அரியர் மக்கள் இதை ஒருமுறை படித்துக்கொள்ளவும்.) அந்த வால்வு, இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும். அது இல்லாவிட்டால் ஓடுகிற காற்றில் தண்ணீர் குளிர்ந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர், இன்ஜின் இப்போதுதான் ஸ்டார்ட் ஆனது என்று நினைத்து, சோக் இழுத்த மாதிரி கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே போகும். 40 கிலோமீட்டர் ஓடிய பிறகும் அதற்கு விடியற்காலைதான்.

புது தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்தான். ஆனால் தையல்காரர் உடனே சம்மதிக்கவில்லை. "வேணாம்டா. ராத்திரி அவளைக் கூட்டிட்டு வரயில நடுரோட்டுல கொதிச்சா நான் என்ன பண்ணுவேன்?" அந்தப் பயம் சரியான பயம். அன்றைக்குக் கார் கொதித்தது தெர்மோஸ்டாட்டால்தானா என்று யாரும் பார்க்கவே இல்லையே. ரேடியேட்டரைக் கழற்றியபோது பாதிக் குழாய்களில் துருச்சேறு. வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியதன் பலன். அதைச் சுத்தம் செய்து, ஃபேன் சரியான சூட்டில் ஓடுகிறதா என்று பார்த்து, கூலண்ட் ஊற்றி, அதற்கப்புறம்தான் வால்வு உள்ளே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக மதுரை போய்க் காளவாசலில் வேண்டுமென்றே அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு நின்று பார்த்துவிட்டு வந்தார் தையல்காரர். முள் நடுவிலேயே நின்றது.

அடுத்த நாலு வாரம் 643 கிலோமீட்டர், 43.5 லிட்டர். லிட்டருக்கு 14.8. பதினாறு இனி வராது, எத்தனாலும் வயசும் எடுத்துக்கொண்டது போக மீதி இதுதான். புரோக்கர் மறுபடி வந்தபோது ரேட்டை ஏற்றிக் கேட்டாராம், இவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பையனின் அடுத்த கவலை பெட்ரோல் ஹோஸ். இருபது வருஷத்து ரப்பர் எத்தனாலை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, கசிந்தால் அது மைலேஜ் பிரச்சினையாக இருக்காது. அடுத்த மதுரை பயணத்துக்குள் மாற்றிவிடுவதாக மாமா சொல்லியிருக்கிறார்.