ஆயிரம் ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாண்டிச்சேரி!

“அம்மா, எனக்கு போஹோ ஸ்டைல்ல ஒரு செட் வேணும்” என்று மகள் செல்போனை நீட்டினாள். கணுக்கால் வரை தொங்கும் பூப்போட்ட ஸ்கர்ட், தொளதொள மேல்சட்டை, கழுத்தில் இரண்டு மூன்று பாசிமணி மாலை, தோளில் குஞ்சம் வைத்த பை. எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய்.

“போஹோன்னா என்னடி?”

“பொஹீமியன்மா. ஃப்ரீயா, லூஸா, கலர்கலரா... வெயிலுக்கும் நல்லா இருக்கும். காலேஜ் கடைசி நாளுக்கு எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க.”

ஏப்ரல் மாதம். ஜூனில் சின்னவனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். அவள் அப்பாவின் கடையிலும் வியாபாரம் மந்தம். “ஆயிரம் ரூபாய்தான் முடியும்” என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். “பரவால்லம்மா, பழைய சுடிதாரே போட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

இரவெல்லாம் யோசித்துவிட்டு காலையில் சொன்னேன்: “ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரி போலாம். சண்டே மார்க்கெட்.”

பாண்டிச்சேரி நான் பிறந்த ஊர். முதலியார்பேட்டையில் வீடு. அப்பா மில்லில் தறிப் பிரிவில் 30 வருடம் வேலை பார்த்தவர். நான் கல்யாணமாகி விழுப்புரம் வந்துவிட்டேன். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அதன்பிறகு திதிக்குப் போய்வருவதைத் தவிர, அந்த ஊருக்கு ஆசையாக ஒருநாளும் போனதில்லை.

காந்தி வீதியில் ஒரு காலை

விழுப்புரத்தில் பஸ் ஏறினால் வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய பாண்டிச்சேரி. ஒன்பதரைக்கெல்லாம் காந்தி வீதியில் நின்றோம். வெயில் காலத்தில் ஒன்று காலையில் போக வேண்டும், இல்லையென்றால் ஐந்து மணிக்கு மேல். நடுவில் போனால் துணியைப் பார்க்க மாட்டோம், நிழலைத்தான் தேடுவோம்.

மற்ற நாட்களில் அது சாதாரணக் கடைவீதி. ஞாயிற்றுக்கிழமை கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்க, அதன் வாசலிலேயே இன்னொரு சந்தை முளைத்துவிடும். தார்ப்பாய் விரித்துத் துணியைக் குவித்திருப்பார்கள். கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் குடம், பழைய புத்தகம், செருப்பு, செல்போன் கவர் எல்லாம் உண்டு. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது துணிச் சந்தைதான். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது, சின்னக் குறையால் தள்ளப்பட்டது என்று வகைவகையாக வரும்.

மகள் முதல் குவியலிலேயே குதித்துவிட்டாள். பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஸ்கர்ட். “150 ரூபாதான்மா!” வாங்கிப் பார்த்தேன். கை தானாகவே மேலே போய்த் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தது. பிறகு ஒரு மூலையை உள்ளங்கையில் கசக்கி, பத்து எண்ணிவிட்டு விரித்தேன். ஒரு சுருக்கம்கூட இல்லை.

“வேண்டாம். பாலியஸ்டர். வேர்வையை இழுக்காது. அரை மணி நேரத்துல உடம்போட ஒட்டிக்கும்.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“தாத்தா சொல்லிக்கொடுத்தது.”

அப்பா அப்படித்தான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் பேசுவதைக் கேட்கவே மாட்டார். துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை சீராக ஓடுகிறதா என்று பார்ப்பார். கசக்கிப் பார்ப்பார். திருப்பிப் பார்ப்பார். கட்டம் போட்ட துணி என்றால் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது நெய்த கட்டமல்ல, அச்சடித்தது. சின்ன வயதில் எனக்கு அது பெரிய அவமானமாக இருக்கும். அன்றைக்குக் காந்தி வீதியில் நின்று நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பேர் பிரெஞ்சு, பிறப்பு எங்கே?

கடை கடையாக நடக்கும்போது மகள் போனில் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்த ரோமா மக்களை, அவர்கள் பொஹீமியா என்ற நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து ‘பொஹீமியன்’ என்று அழைத்தார்களாம், பிரெஞ்சுக்காரர்கள். உண்மையில் அவர்களின் முன்னோர்கள் ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பு இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் பேசும் மொழிக்கு வட இந்திய மொழிகளோடு உறவு உண்டு. 19-ம் நூற்றாண்டில் பாரீஸில் கையில் காசில்லாமல் வாழ்ந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, போஹோ என்பது முதலில் இல்லாதவர்களின் உடை. கிடைத்ததைச் சேர்த்து உடுத்தியதுதான் பின்னாளில் ஸ்டைல் ஆனது.

1960-களிலும் 70-களிலும் தரைவழியாக இந்தியா வந்த வெளிநாட்டு இளைஞர்கள் இங்கிருந்து குர்தாவும், அச்சடித்த பருத்தித் துணியும், கண்ணாடி வேலைப்பாடு செய்த பையும் கொண்டுபோனார்கள். அதுதான் இப்போது நம் பிள்ளைகளின் போனுக்குள் 3,400 ரூபாய் விலையோடு திரும்பி வந்திருக்கிறது.

“அப்போ இது நம்ம ஊர் டிரெஸ்தானா?” என்றாள். பாதி நம் ஊர்தான் என்றேன்.

நீலத் துணியின் ஊர்

பத்தரை மணிக்கு அது கிடைத்தது. நீலத்தில் வெள்ளைப் பூ அச்சடித்த பருத்தி ஸ்கர்ட். இடுப்பில் நாடா. கசக்கினால் சுருங்கியது, வெளிச்சத்தில் இழை சீராக இருந்தது. ஈரக் கைக்குட்டையின் நுனியால் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தேன். லேசாக நீலம் இறங்கியது. தனியாகத் துவைத்தால் போதும். ஓரத்தில் இரண்டு அங்குலம் தையல் பிரிந்திருந்தது. அதைக் காட்டியே 300-லிருந்து 220-க்குக் கொண்டுவந்தேன்.

நீலத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய பந்தம் உண்டு. 19-ம் நூற்றாண்டில் நீலச் சாயம் தோய்த்த பருத்தித் துணி இங்கிருந்து கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிருக்கிறது. ‘கினே’ என்பது பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர். அங்கே பிசின் வியாபாரத்தில் அந்தத் துணியே பணமாகப் புழங்கியது. பிறகு மில்கள் வந்தன. 1936 ஜூலை 30 அன்று, போராடிய மில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு ஜூலை 30-ம் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு அஞ்சலி செலுத்தக் கிளம்பிவிடுவார். “துணி மலிவா கிடைச்சா சந்தோஷப்படு. ஆனா யாரு கூலியில குறைச்சாங்கன்னும் யோசி” என்பார். அப்போது எனக்கு அது புரிந்ததில்லை.

வெள்ளை மல் துணியில் தொளதொள மேல்சட்டை 150 ரூபாய். பின்னல் வேலைப்பாடு செய்த ஜோல்னா பை 120. கோலாப்பூரி மாதிரிச் செருப்பு 250. மொத்தம் 740. மகள் முகத்தில் வெயிலையும் மீறிச் சிரிப்பு.

பாசிமணி

மதியம் நேரு வீதியில் சாப்பிட்டோம். வெயில் தாழும் வரை பாரதி பூங்கா நிழலில் உட்கார்ந்துவிட்டு கடற்கரைக்கு நடந்தோம். சாயந்திரமானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு நரிக்குறவர் அம்மா, துணியை விரித்துப் பாசிமணி மாலைகளை அடுக்கியிருந்தார். மடியில் நூல் சுற்றிய அட்டை. பேசிக்கொண்டே அடுத்த மாலையைக் கோத்துக்கொண்டிருந்தார்.

மகள் இரண்டு மாலைகளை எடுத்தாள். ஒன்று 80 ரூபாய். பழக்கதோஷம், “ரெண்டும் சேர்த்து நூறு” என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “காலையில உக்காந்தேன்மா. இதோட மூணாவது” என்று கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார்.

மகள் ஒன்றும் சொல்லாமல் போனைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். ஏறக்குறைய அதே மாலை. போஹோ நெக்லஸ், 650 ரூபாய்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. காலையில் தையல் பிரிந்த ஸ்கர்ட்டுக்குப் பேரம் பேசினேன். அதில் தப்பில்லை, அது மிஞ்சிய சரக்கு. இது அப்படியல்ல. செய்த கை எதிரே உட்கார்ந்திருக்கிறது. 160 ரூபாயைக் கொடுத்தேன். அவரே மகளின் கழுத்தில் போட்டு, நீளம் கூடுதலாக இருக்கிறது என்று ஒரு மாலையை அவிழ்த்துச் சின்னதாக்கிக் கொடுத்தார். அப்பா சொன்னது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

அப்பாவின் லுங்கி

ஆக மொத்தம் 900 ரூபாய். மேலே போட ஒரு தொளதொள ஜாக்கெட் மட்டும் பாக்கி. பஸ்ஸில் வரும்போது மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “தாத்தா லுங்கி ஒண்ணு பெட்டியில வச்சிருக்கியேம்மா... அதை முன்பக்கம் திறந்த மாதிரி தச்சுக்கவா?”

நீலமும் சிவப்பும் கட்டம் போட்ட லுங்கி. அப்பா கசக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து வாங்கியது. இந்த மாதிரிக் கட்டத் துணியை அமெரிக்காவில் ‘மெட்ராஸ்’ என்பார்கள். 1960-களில் அது அங்கே கோடைக்காலச் சட்டையாகப் பெயர் வாங்கியது. துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்குவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்களாம். அதெல்லாம் தெரிந்தாலும் உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுடையது என்று என்னிடம் இருக்கும் துணி அது ஒன்றுதான்.

மூன்று நாள் கழித்து நானே பெட்டியைத் திறந்தேன். மடிப்பு ஓரத்தில் இழை நைந்துபோக ஆரம்பித்திருந்தது. இன்னும் நாலு வருடம் மூடி வைத்தால் தொட்டாலே கிழியும். எங்கள் தெரு டெய்லரிடம் கொண்டுபோனேன். அவர் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “வெட்டலாமாம்மா?”

“மடிப்பு ஓரம் நைஞ்சிருக்கு. அதை விட்டுட்டு வெட்டுங்க” என்றேன். தையல் கூலி 150. பட்ஜெட் 50 ரூபாய் தாண்டிவிட்டது.

கல்லூரிக் கடைசி நாளில் அந்த மேலாடை எங்கே வாங்கியது என்று தோழிகள் எல்லோரும் கேட்டார்களாம். “பாண்டிச்சேரியில, எங்க தாத்தா வாங்கினதுன்னு சொன்னேன்மா” என்றாள்.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

• இஞ்ச் டேப் எடுத்துச் செல்லுங்கள். ஏற்றுமதிச் சரக்கில் லேபிளில் உள்ள அளவை நம்ப முடியாது. நன்றாகப் பொருந்தும் உங்கள் உடையின் அளவைக் குறித்துக்கொண்டு போனால் போதும்.

• ரேயானும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் துவைத்தால் சுருங்கலாம்; ஈரத்தில் வலுவும் குறைவு. ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்.

• சாயத் துணியை முதல் சில முறை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள்.

• ஒரு பூப்போட்ட உடை, மற்றவை ஒற்றை நிறம். இந்தக் கணக்கில் வாங்கினால் பழைய உடைகளோடும் மாற்றி மாற்றிப் போடலாம்.

• கடைக்குப் போகும் முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய சுங்குடிச் சேலை, தாவணி, லுங்கி எதுவாக இருந்தாலும் நல்ல டெய்லர் ஒருவர் போதும்.

• கையால் செய்து விற்பவரிடம் மட்டும் பேரம் வேண்டாமே!