மதினிக்கும் மே மாதம் உண்டு

எங்கள் வீட்டில் கோடை விடுமுறை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. ரயில் முன்பதிவுக்கு முன்பெல்லாம் 120 நாள் இருந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். மே முதல் வாரம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போக வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரம் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தாக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டு ஆகும்வரை, தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. மூத்தவனுக்கு முழு டிக்கெட்டே எடுத்துவிடுவேன். விடிய விடிய ஓடும் ரயிலில் வளர்கிற பிள்ளையோடு ஒரே பெர்த்தில் படுத்தால் இரண்டு பேருக்குமே தூக்கம் கிடையாது.

2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இருந்தாலும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கேட்டால் நான் ராத்திரி ரயிலைத்தான் சொல்வேன். மூன்று வயதுக் குழந்தையைப் பகல் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார வைப்பது பாவம். ராத்திரி ரயில் என்றால் எழும்பூரில் ஏறியதும் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி இலையில் கட்டிய இட்லி. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பிள்ளைகள் படுத்துவிடும்.

ஒருமுறை அந்த ரயில் பெட்டியில் நான் பார்த்த ஒரு தொட்டிலைச் சொல்ல வேண்டும். எதிர் வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண், கூட அவள் மாமியார். பால் குடித்தும் குழந்தை அடங்கவில்லை. மாமியார் பையிலிருந்து பழைய நூல்சேலை ஒன்றை எடுத்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலை. இரண்டாக மடித்து, மேல் பெர்த்தின் இரும்புச் சங்கிலிகளில் இரண்டு தலைப்பையும் கொடுத்து முடிச்சிட்டார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு தன் கைப்பையை அதில் போட்டு ஆட்டிப் பார்த்தார். அதன்பிறகுதான் குழந்தையை வாங்கிப் படுக்க வைத்தார். தொட்டில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கியது. கீழ் பெர்த்தில் படுத்தபடியே கால் பெருவிரலால் தள்ளிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு ஊரில் நான் விழித்துப் பார்த்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார், ரயிலே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த மருமகள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கோவில்பட்டிக்கு அப்புறம் வெளுக்கத் தொடங்கும். கரிசல் காடும் காற்றாலைகளும் தெரியும். வாஞ்சி மணியாச்சியில் வண்டி மெதுவாகும்போது மூத்தவன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு யார் அந்த வாஞ்சி என்று கேட்டான். 1911 ஜூன் மாதம் இதே ஸ்டேஷனில்தான் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார், சுட்டவர் செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன், நாம் அடுத்து ஏறப்போவது அவர் ஊருக்குப் போகிற வண்டி என்று சொன்னேன். பாடப்புத்தகத்தில் படிக்கிற பெயர் ஒன்று ஜன்னலுக்கு வெளியே நிற்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை வண்டியில் ஏறினால் பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இது மீட்டர்கேஜ் பாதை. 2012இல்தான் அகலப் பாதையாகி வண்டி ஓடத் தொடங்கியது. பாதை மாறினாலும் மேற்கே பொதிகை மலை அதே இடத்தில் நிற்கிறது. அதைக் கண்டதும் எனக்கு ஊர் வந்துவிடும்.

"எய்யா, வா வா, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட" என்று அம்மா வாசலிலேயே மூத்தவனைக் கட்டிக்கொள்வார். சின்னவள் என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். சின்னக் குழந்தையை உடனே இறக்கிவிட்டு "ஆச்சிக்கு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது என் கொள்கை. ஒரு வருடம் பார்க்காத முகம் குழந்தைக்குப் புது முகம்தான். அம்மாவுக்கும் அது தெரியும். அவர் பாட்டுக்கு முறத்தில் பயறைப் போட்டுப் புடைத்துக்கொண்டிருப்பார். சின்னவள் ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்து, கடைசியில் பயறுக்குள் கையை விடுவாள். அதற்கு மேல் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அக்கா கோயம்புத்தூரிலிருந்து வருவாள், தங்கை பெங்களூரிலிருந்து. அண்ணனின் இரண்டு பெண்களோடு சேர்ந்து வீடு முழுக்கப் பிள்ளைகள். சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து, சூடு அடங்கியதும் பாய் விரித்தால் வரிசையாகப் படுக்கும். யார் பக்கத்தில் யார் என்று தினமும் சண்டை, தினமும் சமாதானம். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டை அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெற்றவர்களைத் தவிர வேறொருவர் உரிமையோடு அதட்டுவதும், அதே ஆள் அடுத்த நிமிடம் ஊட்டிவிடுவதும் பள்ளிக்கூடத்தில் கிடைக்காது.

மத்தியானம் நுங்குக்காரர் வருவார். அண்ணன் குலையோடு வாங்கிப் போடுவார். அரிவாளால் ஒரே சீவு. மூன்று கண்ணும் தெரியும். பெரியவர்களைப் போல ஸ்பூனால் எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் ஏற்காது. கட்டைவிரலைக் கண்ணுக்குள் விட்டு, சுழற்றி, உறிஞ்சி, முழங்கைவரை ஒழுகவிட்டுத் தின்றால்தான் நுங்கு. ஒழுகிய தண்ணீரை அம்மா விடமாட்டார். சின்னவளின் முதுகில் வேர்க்குருவுக்குத் தடவிவிடுவார். தின்று முடித்த வெறும் நுங்குக் காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவைக் கம்பு ஒன்றைக் கொடுத்தால் வண்டி. அதை உருட்டிக்கொண்டு மூத்தவன் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுவான்.

ஆற்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். தாமிரபரணி வருடம் முழுக்க ஓடுகிற ஆறு. மே மாதத்தில் தண்ணீர் வடிந்து பாறை தெரியும். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் பாறையில் பாசி, மணல் அள்ளிய இடத்தில் பள்ளம். விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் ஆற்றில் மூழ்கிய செய்தி இல்லாமல் நம் நாட்டில் ஒரு கோடையும் கழிவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆற்றின் போக்கு தெரியும், நீச்சல் தெரியும். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியாது. "அண்ணன்மார் கூட இருக்காங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். கை எட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், அதுவும் கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும்.

இவ்வளவு சந்தோஷமும் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அடுப்படியிலிருந்துதான். அங்கே நிற்பது அண்ணனின் மனைவி, என் மதினி.

விடியும் முன் முதல் சுற்றுக் காப்பி. பிள்ளைகள் எழ எழ பால். ஒருத்திக்குச் சீனி, ஒருவனுக்குக் கருப்பட்டி. இட்லி ஒரு ஈடு இறங்கும்போதே அடுத்த ஈடு ஏறும். மத்தியானம் சொதி வேண்டும் என்று நாங்கள் ஊரிலிருந்தே சொல்லிவிட்டு வந்திருப்போம். சொதி லேசான வேலையில்லை. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், பிறகு பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேரும். முதல் பால் கடைசியில். விட்டபிறகு கொதித்தால் திரிந்துபோகும், அதனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். வெளியே அக்கினி நட்சத்திரம். அந்த வெயிலில் அடுப்புப் பக்கம் நின்று, "இவனுக்குக் காரம் ஆகாது" என்று தனியாகப் பருப்பும் கடைந்து வைத்திருப்பார். உதவப் போனால், "நீ உக்காருளா, பிள்ளைகளப் பாரு. வருசத்துக்கு ஒருக்க வாற" என்று அனுப்பிவிடுவார்.

மதினிக்கு ஊர் உடன்குடி. அவர் அம்மா அங்கே தனியாக இருக்கிறார். பொங்கலுக்கு ஒரு நாள், யாராவது வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாள் என்று மதினி போய்வருவதுண்டு. நாள் கணக்காகத் தங்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் அடைக்கும் மே மாதம்தான் உண்டு. மே மாதம் நாத்தனார்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வந்துவிடுவோம். வீட்டு மருமகள் அந்த நேரத்தில் எப்படிக் கிளம்புவார்? எங்கள் பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு கிடைத்துக்கொண்டே இருந்தது. அதே கூரையின் கீழ் மதினியின் பெண்கள் இரண்டும் தங்கள் ஆச்சி வீட்டை ராத்தங்கலாகத்தான் பார்த்தன.

இதை எங்கள் வீட்டில் முதலில் வாய்விட்டுச் சொன்னது அம்மா. ஒரு வருடம் ஏப்ரலில் எங்கள் மூவருக்கும் போன் செய்தார். "பள்ளிக்கூடம் அடைச்சதும் அவ உடன்குடிக்குப் போறா. நீங்க வந்து வீட்டப் பாத்துக்கிடுங்க. கடைசி வாரம் அவ வருவா, அப்ப எல்லாரும் சேந்து இருக்கலாம்." மதினிதான் தயங்கினார். மாவு எங்கே, சிலிண்டர் எப்போது மாற்றியது, பால்காரர் கணக்கு என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். பஸ் ஏறும்போது கண் கலங்கியிருந்தது. தாய்வீட்டுக்குப் போகிற ஒரு பெண்ணை, புகுந்த வீடே சோறு கட்டிக் கொடுத்து வழியனுப்பியதை அன்றுதான் என் பிள்ளைகள் பார்த்தார்கள்.

அந்த வாரங்களில் வீடு நன்றாகவே நடந்தது. நானும் அக்காவும் சமையல். அண்ணன் காய் நறுக்கினார். லீவு போட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர் தினமும் மாவு ஆட்டினார், பாத்திரம் தேய்த்தார். வீட்டு மாப்பிள்ளை மாவு ஆட்டுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தைக்கு ஆச்சரியம். பிள்ளைகளுக்கு அது ஒரு சாதாரணக் காட்சி. அப்படிச் சாதாரணமாகிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. மூத்தவன் தண்ணீர்ச் செம்பு எடுத்து வைக்கவும், இலை எடுக்கவும், எச்சில் துடைக்கவும் பழகினான். விருந்தாளியாக இருந்த காலத்தில் அவனுக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வேலை செய்த பிறகுதான் அது அவனுடைய வீடும் ஆயிற்று.

மதினி திரும்பி வந்தபோது ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி. பெண்கள் இரண்டும் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தன. பெரியவள், தன் ஆச்சியோடு விடியற்காலையில் போய்ப் பனையடியிலேயே பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்த கதையை எல்லோருக்கும் உட்காரவைத்துச் சொன்னாள். எங்கள் பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டன. அந்த வீட்டில் அதுவரை மற்றப் பிள்ளைகளின் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள்.

விடுமுறை நாட்களை ஆறு வீட்டுக்குப் பங்குபோடாதீர்கள் என்பது நான் எல்லோரிடமும் சொல்கிற இன்னொரு விஷயம். காலையில் சித்தப்பா வீடு, மத்தியானம் பெரியம்மா வீடு, ராத்திரி மாமியார் வீடு என்று ஓடினால் பிள்ளைகளுக்குக் காரின் பின்சீட்டுதான் மிஞ்சும். ஒரு வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டு, போன இடத்தில் நீண்ட நாள் தங்குங்கள். பார்க்க முடியாத உறவினர் கோபித்துக்கொள்வார்கள்தான். அவர்களையும் அந்த வீட்டுக்கே வரச் சொல்லலாம், சொன்னால் வருகிறார்கள். குற்றாலச் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது, அதனால் அருவிக் கணக்கு போட்டு அலையவும் தேவையில்லை.

அடுத்த மார்ச்சில் டிக்கெட் போட உட்காருமுன், நீங்கள் போகப்போகிற வீட்டின் மருமகளுக்கு ஒரு போன் செய்யுங்கள். "நாங்க எப்ப வரட்டும்?" என்று கேட்குமுன், "நீங்க எப்ப உங்க அம்மா வீட்டுக்குப் போறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற தேதியை முதலில் குறித்துக்கொண்டு, உங்கள் டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள்.