ஓடையில் மரம் இட்ட நாட்கள்

நீரைத் தேக்கியவனைப் போற்றுவது இந்நாட்டின் நெடுங்கால மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, மழையாய் விழும் நீரிற் சிறு துளியேனும் மக்களுக்குப் பயன்படாது கடலைச் சேரலாகாது எனக் கருதியதை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்துவிடுகின்றோம். வன்னிக் குளமொன்றின் கீழ்ப் பயிர் செய்து வாழ்ந்த குடும்பத்தில் வந்த எனக்கு அது வெறும் பாடமாகவும் இருக்கவில்லை. வயல் விதானையாக இருந்த என் அப்பப்பா, மாரி காலத்தில் நள்ளிரவிலும் அரிக்கன் லாம்பை எடுத்துக்கொண்டு குளக்கட்டைப் பார்க்கப் புறப்படுவார். கட்டில் ஓர் எலிவளை தோன்றினாலும் அது ஊர் முழுவதற்கும் உரிய விவகாரம். கடலுக்குப் போகும் நீர் வீணாகும் நீர். அதனை மறித்தல் அறம். இவ்விரண்டையும் ஐயுறுவதற்கு என் இருபத்திரண்டாம் வயதுவரை எவ்விதக் காரணமும் ஏற்படவில்லை.

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் தொடக்கம் டிசம்பர் வரை, மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து வடகரையிலுள்ள ஆர்க்கேற்றா என்னும் சிறு நகரில் ஒரு பருவம் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பாடங்களோடு சமூக சேவையிலும் சில மணித்தியாலங்கள் ஈடுபடல் வேண்டும் என்பது நிபந்தனை. முதியோர் இல்லம், நூலகம், இலவச உணவுக்கூடம் என நீண்ட பட்டியலில், நீரேந்து பகுதிகளையும் சால்மன் மீனின் வாழிடங்களையும் மீளமைக்கும் பணி என்ற வரியைக் கண்டு அதனையே தெரிந்தேன். புவியியல் மாணவர் என்ற உரிமை ஒரு காரணம். மற்றையது சற்று வேடிக்கையானது. சால்மனை அதுவரை நான் அறிந்திருந்தது பேணியில் மாத்திரமே. நம் கடைகளிற் ‘சமன்’ என்று கேட்டால் எடுத்துத் தரும் பேணியினுள் இருப்பது பெரும்பாலும் வேறோர் இன மலிவு மீன் என்பதையும் அங்கு சென்ற பின்னரே அறிந்துகொண்டேன்.

இத்தொண்டின் அமைப்பினை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். 1976 இல், ஜெரி பிரவுண் ஆளுநராக இருந்த காலத்தில், இயற்கை வளம் பேணும் இளைஞர் படையொன்றைக் கலிபோர்னியா மாநிலம் நிறுவியது. படை என்ற சொல் நம்மிடையே எழுப்பும் அச்சத்திற்கு அங்கு இடமில்லை. அவர்களின் ஆயுதம் மண்வெட்டிதான். 1994 இல் அதன் ஒரு பிரிவாக, சால்மன் வாழும் ஓடைகளுக்கென்றே நீரேந்து பகுதிக் காவலர் திட்டம் தொடங்கிற்று. 1993 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் உருவான அமெரிக்கோர் எனும் தேசிய சேவை அமைப்பு அதற்குத் துணைநின்றது. முழுநேரமாகச் சேரும் இளைஞர் ஓராண்டிற்குட்பட்ட காலத்தில் 1,700 மணித்தியாலங்கள் உழைக்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பது சிறியதொரு வாழ்க்கைப்படியும், முடிவிற் கல்விக்கென ஒரு தொகையும் மட்டுமே. குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவர் இதிற் சேர இயலாது. ஆகவே நான் சனிக்கிழமைகளில் அவர்களோடு கூடி உழைக்கும் வெளித் தொண்டராகவே இருந்தேன்.

கூலி பெறாமையே சிரமதானத்தின் உயர்வு என்று கேட்டு வளர்ந்த நமக்கு, படி பெற்றுச் செய்யும் தொண்டு தொண்டாகுமா என்ற கேள்வி எழுதல் இயல்பு. ஆனால், ஒரு ஞாயிறு காலையிற் புல் வெட்டித் தேநீர் அருந்திக் கலையும் சிரமதானத்தால் ஓடையொன்றை மீட்டல் அரிது. ஒரே ஓடையை மாரி முழுவதும், மீண்டும் மீண்டும், இறங்கி நடந்து கணக்கிட வேண்டும். நடப்பவர் உண்ண வேண்டும். வாடகை கொடுக்க வேண்டும். வறிய வீட்டுப் பிள்ளையும் தொண்டு செய்யக்கூடியதாக இருப்பது அந்தச் சிறு படியினாலேயே. நம் பல்கலைக்கழகச் சங்கங்கள் சிந்திக்க வேண்டிய விடயமிது.

இனி மீனுக்கு வருவோம். அப்பகுதி ஓடைகளிற் பெரிதும் நலிந்துபோன இனம் கோஹோ சால்மன். ஓடையிற் பிறந்து, கடலில் வளர்ந்து, ஓடைக்கே மீண்டு இறப்பது அதன் வாழ்க்கை. மாரியிற் பெண் மீன் தன் வாலாற் சரளைக் கற்களைக் கிளறிக் குழி பறித்து, ஈராயிரம் மூவாயிரம் முட்டைகளை இட்டு, மறுபடியும் சரளையால் மூடிவிடுகின்றது. கற்களின் இடுக்குகளிற் குளிர்ந்த நீர் ஊடுருவும்வரைதான் அம்முட்டைகளுக்கு உயிர். பொரித்த குஞ்சுகள் கடலுக்கு விரைவதில்லை. ஓராண்டுக்கு மேலாக நன்னீரிலேயே தங்குகின்றன. கோடையின் வெம்மைக்கும் மாரியின் வெள்ளத்திற்கும் அவை ஒதுங்கும் இடம், வீழ்ந்து கிடக்கும் மரத்தடிகளின் கீழ் நீர் குடைந்த மடுக்கள். பின் கடலுக்குச் சென்று, பெரும்பாலும் மூன்றாவது வயதில், பிறந்த ஓடையை அதன் நீரின் மணத்தால் இனங்கண்டு மீள்கின்றன. முட்டையிட்டபின் தாயும் தந்தையும் மடிகின்றன. அவ்வுடல்களைக் கரடிகளும் பறவைகளும் கரையேற்றிச் செல்ல, கடலிலிருந்து வந்த நைதரசன் கரையோர மரங்களிற் சேர்வதை விஞ்ஞானிகள் அளந்து காட்டியுள்ளனர். மரம் மீனுக்கு மடு அமைக்க, மீன் மரத்துக்கு எருவாகின்றது.

இந்த உறவு எவ்வாறு அறுந்தது? ரெட்வூட் எனப்படும் வானுயர் மரங்கள் அடர்ந்த அம்முதுகாடுகளில் நூற்றுக்கு 95 பங்கு வரை வெட்டப்பட்டுவிட்டது. மரம் இழுப்பதற்கெனச் செங்குத்துச் சரிவுகளில் அமைத்த பாதைகள் மாரிதோறும் கரைந்து ஓடைக்குள் இறங்கின. அடையல் சரளையின் இடுக்குகளை அடைத்தது. பாதைகளின் கீழ் இட்ட மதகுக் குழாய்களின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே தொங்கியதால், மீன் மேலேற வழியற்றுப் போயிற்று. 1964 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் எஞ்சிய மடுக்கள் பலவற்றையும் மண்ணால் நிரப்பியது. 1997 இல் அப்பிரதேசத்துக் கோஹோ சால்மன், அருகிவரும் இனங்களைக் காக்கும் சட்டத்தின் கீழ் ஆபத்துக்குள்ளான இனமாகப் பதிவாயிற்று.

இதுவரை சொன்னவற்றை மனிதப் பேராசையின் கதையெனக் கூறிவிடலாம். என்னை நெடுநாள் அலைக்கழித்தது அதன் அடுத்த அத்தியாயமே. மரக்கழிவுகள் ஓடைகளிற் குவிந்து கிடந்த காலத்தில், அவை மீனின் வழியை மறிக்கின்றன என்று கருதி, மீன்வளத்தைக் காக்கும் பொறுப்பிலிருந்தோரே தடிகளை அகற்றத் தலைப்பட்டனர். ஏறத்தாழ 1950களிலிருந்து 1980கள் வரை பசுபிக் கரையோர மாநிலங்களில் ‘ஓடை துப்புரவு’ நற்பணியாகவே நடைபெற்றது. எமது குழுவை வழிநடத்திய பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. அவளுடைய பாட்டனார் வாலிபராக இருந்தபோது அத்தகைய குழுவொன்றில் வேலை செய்தவர். சங்கிலி கட்டி இழுத்து, தடிகளைக் கரையிற் குவித்து எரித்தார்களாம். மாலையிற் கண்ணாடி போல் ஓடிய நீரைப் பார்த்து மனநிறைவோடு வீடு திரும்பினார்களாம். மரத்தடிகளோடு மடுக்களும், மடுக்களோடு குஞ்சுகளும் போயின. இன்று பேர்த்தி அதே மாவட்டத்து ஓடைகளில் மரத்தடிகளைத் திரும்ப இடுகின்றாள். இதனைச் சொல்லியபோது அவள் பாட்டனாரைப் பழிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. “அவர் என்னைவிடக் கடுமையாக உழைத்தவர்” என்று மட்டும் சொன்னாள். தொண்டு செய்வோரைத் தூய நெஞ்சை வைத்தே மதிப்பிடும் வழக்கம் நம் சமூகத்தில் மிகுதி. அவளுடைய பாட்டனாரின் நெஞ்சில் எக்குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

எமது வேலை செப்டெம்பரிலும் ஒக்டோபர் நடுப்பகுதி வரையிலும், நீர் வற்றியிருந்த காலத்தில் நடந்தது. பயிற்சி பெற்றோர் சரிவிலுள்ள மரங்களை இயந்திர வாளால் அறுத்து ஓடைக்குக் குறுக்கே வீழ்த்துவர். ஏனையோர் கப்பியும் கம்பிவடமும் கொண்டு, கரையில் நிற்கும் இரு மரங்களுக்கிடையில் தடி சிக்கிக்கொள்ளுமாறு அதனை நகர்த்துவோம். இரும்பு ஆணியோ சீமெந்தோ கிடையாது. ஆறடி நகர்த்த அரைநாள் சென்றதுமுண்டு. அங்குள்ள குளிர் எலும்பினுட் புகுவது. சேறோ நம் வயற்சேறு போல மெதுமையானதன்று, கூரான கற்களோடு கலந்தது. கிளைகளையும் இலைக்குப்பையையும் தடிகளின் மேற்புறத்தே திணிப்பது எனக்கு ஒதுக்கப்பட்ட பணி. அழகாக அடுக்கத் தொடங்கிய என்னைப் பார்த்து, அலங்கோலமாகப் போடும்படி கூறினார்கள். ஓடை விரும்புவது அலங்கோலத்தையே என்பது அக்குழுவினரின் வேடிக்கைப் பேச்சு.

நவம்பர் மூன்றாம் வாரத்திற் பெருமழை பெய்தது. மழை விட்ட பின் சென்று பார்த்தபோது, நாங்கள் இட்ட தடிகளுள் ஒன்று இடம்பெயர்ந்து, இருபதடி கீழே மற்றொரு தடியோடு பிணைந்து கிடந்தது. குளக்கட்டின் வழியிற் பழகிய என் நெஞ்சு திடுக்குற்றது. குழுத்தலைவியோ மகிழ்ச்சி மேலிட இறங்கி அளவுகோலை நாட்டினாள். தடியின் கீழ் இடுப்பளவுக்கு மடு குடைந்திருந்தது. அருகே புதிய சரளை படிந்திருந்தது. எங்கள் ஊரிற் கட்டு அசைந்தால் அது அழிவின் அறிகுறி. அங்கு அசைவதற்காகவே மரம் இடப்படுகின்றது.

அந்தப் பருவத்திலேயே கிளமத் ஆற்றின் செய்தியும் எங்கும் பேசப்பட்டது. அவ்வாற்றில் 1918 முதல் 1960கள் வரை கட்டப்பட்ட நான்கு நீர்மின் அணைகளை அகற்றும் வேலை 2024 ஒக்டோபர் தொடக்கத்தில் நிறைவுற்றது. இரு வாரங்களுக்குள், அணைகள் இருந்த இடங்களையும் கடந்து, ஒரிகன் மாநிலத்துக் கிளையாறொன்றிற் சினூக் சால்மன் காணப்பட்டது. 1912 க்குப் பின் அங்கு சால்மன் சென்றது அதுவே முதன்முறை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் யூரொக் பழங்குடியினரும் அவர்களின் அயலவரும் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற வெற்றி அது. 2002 செப்டெம்பரில் அவ்வாற்றின் முகத்தை அண்டிய பகுதியில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சால்மன் மீன்கள் செத்து மிதந்ததை அவர்கள் கண்ணாற் கண்டவர்கள்.

அன்றிரவு தொலைபேசியில் அப்பப்பாவுக்கு இதனைச் சொன்னேன். அணையை உடைத்துவிட்டு ஊரே கொண்டாடுகின்றது என்றதும் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், “அப்ப அங்கத்தைக் கமக்காரருக்குத் தண்ணி ஆர் குடுக்கிறது?” என்று கேட்டார்.

அந்த நான்கு அணைகளும் மின்சாரத்துக்கானவை, வயலுக்கு நீர் தருபவை வேறு என்று விளக்கினேன். உண்மைதான். ஆயினும் அவர் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. அதே ஆற்றின் மேற்பகுதியில், 2001 ஆம் ஆண்டு வறட்சியின்போது, மீன்களைக் காப்பதற்கென அரசு பாசன நீரைப் பெரும்பாலும் நிறுத்தியது. உழவர்கள் வாய்க்காற் கதவுகளின் முன் திரண்டனர். அடுத்த ஆண்டு அவர்களுக்கு நீர் திறக்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் மீன்கள் மடிந்தன. வெப்பமேறிய குறைநீரில் நோய் பரவியதே உடனடிக் காரணம். காய்ந்த வயலின் கரையில் நின்றவனை நான் அறிவேன். அவன் என் அப்பப்பாவின் சாயல் உடையவன். செத்த மீனின் கரையில் நின்றவளை நான் அங்கு சென்றுதான் அறிந்தேன். நீரேந்து பகுதியை மீட்போம் என்னும் அறிவிப்புப் பலகைகளில் இவ்விருவரையும் ஒருங்கே வைத்து எழுதிய வாசகம் எதையும் நான் காணவில்லை. எழுதுவதும் எளிதன்று. எனினும், மீன் கேட்கும் நீரை வீண்நீர் என்று கூற என் நா இனி எழாது. எங்கள் குளம் வான் பாயும்போது எதிர்நீச்சலிட்டு ஏறும் மீன்களைப் பறியிட்டுப் பிடித்து மகிழ்ந்த நாட்களில், அவை எங்கே போக முயல்கின்றன என்று எங்களில் எவரும் கேட்டதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் மீன் கணக்கெடுக்கும் குழுவோடு சென்றேன். மார்பளவு இறப்பர் உடையும், நீரின் பளபளப்பை நீக்கும் கண்ணாடியும் அணிந்து, ஓடையின் வழியே மெதுவாக மேல்நோக்கி நடந்தோம். மூன்று மணித்தியாலம் ஒன்றுமே தென்படவில்லை. பின்னர் நாங்கள் மரமிட்ட இடத்துக்குச் சற்று மேலே, வெளிறிய சரளைத் திட்டொன்று தெரிந்தது. அதன் மேல் ஒரு பெண் மீன், வால் வெண்மையாகத் தேய்ந்து, நீரோட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. முட்டை இட்டாயிற்று, உயிர் இன்னும் இரண்டொரு நாள் இருக்கும் என்றார்கள். எவரும் உரத்துப் பேசவில்லை. கீழே மற்றொரு மீன் செத்து ஒதுங்கியிருந்தது. அதனை அளந்து, மறுமுறை எண்ணாதிருக்க அடையாளமிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டோம். எடுத்துப் புதைக்கலாமே என்ற எண்ணம் எனக்கு எழுந்தது. அது காட்டின் உணவு.

நான் நாடு திரும்பிய பின், 2025 ஏப்பிரலில், அமெரிக்கோர் அமைப்பின் மானியங்களில் ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் திடீரென நிறுத்தப்பட்டது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான இளைஞரின் சேவைக்காலம் இடையில் முறிந்தது. பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கிட்ட மாநிலங்களில் நிதியை மீள வழங்குமாறு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. குழுத்தலைவி அக்காலத்தில் எழுதிய மடலில் இதைப்பற்றி இரண்டு வரிகளே இருந்தன. எஞ்சிய பகுதி முழுவதும் அந்த மடுவின் கோடைகால ஆழத்தைப் பற்றியும், அதனுள் அவள் எண்ணிய குஞ்சுகளைப் பற்றியும் இருந்தது.

நாங்கள் கண்ட முட்டைக்குழிக்கு நேரே, கரையில் நின்ற மரக்கிளையில் ஒரு நாடா கட்டப்பட்டது. அதில் நாளையும், குழியின் இலக்கத்தையும், கரையிலிருந்து அது இருக்கும் தூரத்தையும் மை அழியாத பேனாவால் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அக்குழியிற் பொரித்தவை 2026 வசந்தத்திற் கடலுக்குச் செல்ல வேண்டியவை. 2027 இன் மாரியில் அவ்வோடைக்கு மீள வேண்டியவை. அவ்வாண்டிலும் யாரேனும் அந்த ஓடையில் இறங்கி நடப்பாராயின், முதலில் பழைய நாடாக்களை அவிழ்த்துவிட்டே புதிய கணக்கைத் தொடங்குவர்.