கூண்டுக் குருவியின் ஆகாரம்

நாகரசம்பட்டியைச் சுற்றிய மானாவாரி நிலங்களில் சாமையும் கேழ்வரகும் கதிர் முற்றுகிற பருவத்தில், புள்ளிச் சில்லைகள் கூட்டமாக வந்திறங்கித் தாளைப் பற்றித் தொங்கியபடியே மணிகளை உருவித் தின்னும் அழகைக் கண்டவர்களுக்கு, அவற்றின் உறவுக் குருவிகளைக் கூண்டில் அடைத்து வருஷம் முழுவதும் தினை ஒன்றையே போட்டு வளர்ப்பது எத்தகைய லோபித்தனம் என்று விளக்க வேண்டியதில்லை. முற்றிய தானியத்தோடு பால் பிடித்த பச்சைக் கதிரும், புல்விதையும், எப்போதாவது ஒரு பூச்சியும் வயற்குருவியின் போஜனத்தில் சேர்ந்தே இருக்கின்றன.

ஓசூர் ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது வாங்கிவந்து திண்ணையில் தொங்கவிடும் ஜீப்ரா பின்ச், ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைப் பூர்விகமாகக் கொண்டது. எடை ஏறக்குறைய 12 கிராம். சரீரம் சிறிதாயினும் ஜாடராக்கினி பெரிது. ஒரு பகல் முழுதும் பட்டினி கிடப்பதே அதற்குப் பிராண சங்கடம். விதையை அலகுக்குள் உருட்டி, உமியைக் கழித்து, பருப்பை மட்டும் விழுங்குவது அதன் சுபாவமாதலால், கழித்த உமியெல்லாம் கிண்ணத்திலேயே உதிர்ந்து நிரம்பி, மேலாகப் பார்க்கிறவருக்குத் தீனி ததும்புவதுபோலத் தோற்றும். வாயால் ஒருமுறை ஊதினாலோ, அடியில் நாலு மணிகூட மிஞ்சியிராது.

பரண்மீது நின்று வள்ளி பறவையினத்தை விரட்டிக் காத்த தினையை, அதே இனத்துக்காக நாம் விலைகொடுத்து வாங்குகிற விநோதம் இருக்கட்டும். 100 கிராம் தினையில் உள்ள சுண்ணாம்புச் சத்து சுமார் 31 மில்லிகிராம். நாம் களி கிண்டும் கேழ்வரகிலோ சுமார் 344. ஆகவே தினையோடு சாமை, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றைக் கலந்து வைப்பது உத்தமம். எனினும் முட்டையிடும் பேடைக்குத் தானியச் சுண்ணாம்பு போதவே போதாது. அது குறைந்தால் முட்டை வெளிவராமல் சிக்கிக்கொள்ள, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் குந்தியிருந்து பேடை மாண்டுபோகும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தரும் கணவாய் ஓட்டை, கூண்டுக் கம்பியில் செருகிவிட்டால், வேண்டியபோது கொத்திக்கொள்ளும்.

உலர்ந்த விதையில் வைட்டமின் ஏ மிக அற்பம். கொல்லை முருங்கையின் கீரையை நன்றாக அலசி ஒரு கொத்து கட்டிவிடுங்கள். குஞ்சு பொரித்த நாட்களில் முளைகட்டிய தானியமும், அவித்த முட்டையை நசுக்கியதும் அவசியம். புளித்து நாறுமுன் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். பட்டணத்துப் பழக்கடைகளில் மினுக்கிக்கொண்டிருக்கும் வெண்ணெய்ப்பழம் குருவிக்கு விஷம். காப்பியும் சாக்லேட்டும் அப்படியே.

ஒரு விண்ணப்பம்: வயலில் வலைவிரித்துப் பிடித்த சில்லைகளுக்குச் சாயம் பூசி, வெளிநாட்டுக் குருவி என்று சந்தையில் யாரேனும் மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள், அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.