புள்ளியைத் துரத்தாதே!
"45 வயதில் உனக்குத் துப்பாக்கியா?" என்று கேலி செய்தார் என்னவர். மகளுக்குத் துணையாக ரைபிள் கிளப்புக்குப் போய்ப் போய் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் வெள்ளெழுத்து! பிஸ்டல் நுனியிலிருந்த குறிமுள் மங்கலாய்த் தெரிந்தது. பயிற்சியாளர் 'ரெட் டாட்' பொருத்திய ஏர் பிஸ்டலைக் கொடுத்தார். முள்ளைத் தேட வேண்டாம். இரண்டு கண்ணையும் திறந்து 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைப் பார்த்தால் போதும், சிவப்புப் புள்ளி அதன்மேல் தெரியும்.

தெரிந்தது, ஆனால் நின்றால்தானே! கை நடுங்க நடுங்கப் புள்ளி கொசு மாதிரி அலைந்தது. நடுவில் வந்தபோதெல்லாம் வெடுக்கென்று விசையை இழுத்தேன். குண்டு எங்கோ போயிற்று.

"அது ஆடத்தாம்மா செய்யும். துரத்தாதே, மெதுவா அழுத்து" என்றாள் மகள். அப்படியே செய்தேன். ஐந்தில் மூன்று கறுப்பு வட்டத்துக்குள்!

சர்வதேச ஏர் பிஸ்டல் போட்டியில் ரெட் டாட்டுக்கு அனுமதி கிடையாது, மகளுக்கு முள்தான். எனக்குக் கிளப் போட்டி போதும். அதில் கடைசிக்கு முந்தின இடம். வீட்டில் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை நானும் வரட்டுமா?" என்கிறார் இவர்!